மன இறுக்கமும் அதன் அடையாளங்களும்

தலைவலி நீங்குவதற்கு மாத்திரை வாங்குவோரும், வயிற்று உப்புசத்திற்கு மருந்து கேட்போரும், இரவில் உறக்கம் வருவதில்லை என்று முறையிடுவோரும் மருத்துவரின் வாயிலில் நாள்தோறும் காத்திருக்கின்றனர். இவர்களுள் ஒரு பகுதியினருக்குத் தலையிலோ வயிற்றிலோ தனிப்பட்ட நோய் எதுவும் காணப்படுவதில்லை. தீராத நெருக்கடி ஒன்றை எதிர்கொண்டு அவர்களுடைய உடல் நெடுநாளாக ஆயத்த நிலையிலேயே நின்றுகொண்டிருக்கிறது. அந்த நிலையின் விளைவுகளே தலைவலியாகவும் வயிற்றுக் கோளாறாகவும் வெளிப்படுகின்றன. ஆனால், “மனத்தில் ஏதேனும் கவலை உண்டா?” என்று அவர்களைக் கேட்டால், “அப்படி ஒன்றும் இல்லை” என்று கூறுவோரே மிகுதி. அவர்கள் எதையும் மறைப்பதில்லை. சிறுகச் சிறுக வந்த மாற்றம் வந்தவருக்கே புலப்படாமற் போகிறது. ஆகவே, மன இறுக்கத்தை அதன் அடையாளங்களைக் கொண்டு அறியும் முறையைக் கற்றல் அனைவருக்கும் பயன் தருவதாகும்.

சொல்லும் பொருளும்

ஓர் உலோகக் கம்பியின் ஒரு முனையை உத்தரத்தில் பிணைத்து, மறு முனையில் எடையைத் தொங்கவிட்டால் கம்பி சிறிது நீளுகிறது. கம்பியின் குறுக்குப் பரப்பில் ஓரலகின்மீது செயற்படும் விசையைத் தகைவு என்றும், அதனால் விளையும் நீட்சியின் விகிதத்தைத் திரிபு என்றும் பௌதிக நூல்கள் கூறும். எடையை நீக்கியவுடன் கம்பி தன் பழைய நீளத்தை அடைகிறது. எடை ஓர் எல்லையைக் கடந்துவிட்டால், அதனை நீக்கிய பின்னும் கம்பி பழைய நிலைக்கு மீள்வதில்லை. உடலியல் அறிஞர்கள் பௌதிகத்திலிருந்தே இக்கருத்தைக் கடனாகப் பெற்றனர்.

எனினும் மனிதனுக்கும் கம்பிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கம்பி தன்மீது தொங்கும் எடையை மதிப்பிடுவதில்லை, மனிதன் மதிப்பிடுகிறான். ஒரே தேர்வு ஒரு மாணவனுக்கு ஊக்கமாகவும் மற்றொருவனுக்கு அச்சமாகவும் அமைவதற்கு இம்மதிப்பீடே காரணம். ஆதலின், வெளியிலிருந்து வரும் காரணத்தையும் உள்ளே தோன்றும் நிலையையும் பிரித்தறிதல் வேண்டும். முன்னதை நெருக்கடி என்றும், பின்னதை மன இறுக்கம் என்றும் இங்குக் குறிப்பிடலாம். வழக்கில் உள்ள ‘மன அழுத்தம்’ என்னும் சொல் இந்நிலையையும் மனச்சோர்வு என்னும் நோயையும் ஒருங்கே சுட்டி மயக்கம் தருவதால், இங்கு அது தவிர்க்கப்படுகிறது.

உடல் செய்யும் முன்னேற்பாடு

சாலையைக் கடக்கும் ஒருவன் தன்னை நோக்கி லாரி ஒன்று விரைந்து வருவதைக் காண்கிறான். அவன் சிந்தித்து முடிப்பதற்கு முன்னரே அவனுடைய உடல் செயற்படத் தொடங்கிவிடுகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸ் பரிவு நரம்புகளின் வழியே ஆணை பிறப்பிக்கிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளின் உட்பகுதியிலிருந்து அட்ரினலின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. இதயத் துடிப்பு விரைவுறுகிறது. இரத்த அழுத்தம் உயருகிறது. மூச்சுக் குழல்கள் விரிகின்றன. கண்ணின் மணிகள் அகலுகின்றன. கல்லீரல் தான் சேமித்துள்ள சர்க்கரையை வெளிவிடுகிறது. தோலுக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்கு மிகுதியாகப் பாய்கிறது. இவை யாவும் சில விநாடிகளில் நிகழ்கின்றன; அவனும் துள்ளி விலகித் தப்பிவிடுகிறான்.

இதற்கு அடுத்தபடியாக மற்றோர் ஏற்பாடும் நடைபெறுகிறது. ஹைப்போதலமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதியைத் தூண்டுகிறது. அங்கிருந்து கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. இது அட்ரினலினைப்போல் விநாடிகளில் செயற்படுவதன்று. சில நிமிடங்களில் உயர்ந்து, அதன் பின்னும் நெடுநேரம் வேலை செய்வது. உடலின் எரிபொருளைத் திரட்டித் தருவதும், வீக்கம் மிகாமற் காப்பதும் இதன் பணிகள். இரத்தத்தில் கார்ட்டிசால் போதிய அளவு சேர்ந்ததும், அதுவே மூளைக்குச் சென்று ‘இனிப் போதும்’ என்று தெரிவித்துத் தன் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இந்த முன்னேற்பாட்டில் குறை ஏதும் இல்லை. இஃது இல்லாவிடில் உயிர் வாழ்தலே அரிது. அளவான கிளர்ச்சி அறிவையும் கூர்மையாக்கும் என்பதை 1908-ஆம் ஆண்டிலேயே யெர்க்ஸ், டாட்ஸன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் எலிகளைக்கொண்டு எடுத்துக்காட்டினர். இக்காலத்து நெருக்கடிகள் பல லாரியைப்போல் நொடியில் கடந்து செல்வதில்லை என்பதே இடர். கடன், வழக்கு, வேலையின்மை, வீட்டில் நெடுநாள் நோயாளி, ஆண்டு முழுதும் நீளும் நுழைவுத் தேர்வுப் பயிற்சி ஆகியவை மாதக்கணக்கில் தொடர்கின்றன. நொடிகளுக்கென்று அமைந்த ஏற்பாடு மாதங்களுக்கு இயக்கப்படும்போது தீங்கு தோன்றுகிறது.

ஆராய்ச்சிகள் காட்டிய உண்மை

இத்தீங்கைப் பற்றிய அறிவு படிப்படியாக வளர்ந்தது. 1895-இல் எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்ட சிறிது காலத்திற்குள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த வால்ட்டர் கானன், அக்கதிர்களின் துணையால் பூனையின் இரைப்பை அசைவுகளை நோக்கிவந்தார். பூனை கலவரமடைந்த போதெல்லாம் இரைப்பையின் அசைவு நின்றது. அமைதியுற்றதும் மீண்டும் தொடங்கியது. செரிமானத்தை ஆராயப் புகுந்தவர் இந்நிகழ்ச்சியால் உணர்ச்சிகளின் உடலியலை ஆராயத் தலைப்பட்டார். அச்சமும் சினமும் உடலில் விளைவிக்கும் மாறுதல்களைப் பற்றிய அவருடைய நூல் 1915-இல் வெளிவந்தது.

1936-இல் கனடாவின் மான்ட்ரீல் நகரில் ஹான்ஸ் ஸெல்யே என்பார் மற்றோர் உண்மையைக் கண்டார். குளிர், காயம், நச்சு, மிகையான உழைப்பு என எதற்கு ஆளாக்கினாலும் எலிகளின் உடலில் ஒரே வகையான மூன்று மாறுதல்கள் காணப்பட்டன. அட்ரினல் சுரப்பிகள் பருத்தன. நோய்த் தடுப்புக்குரிய தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் தோன்றியது. காரணம் பலவாயினும் உடலின் மறுமொழி ஒன்றே என்று அவர் முடிவு கட்டினார். அம்மறுமொழியை எச்சரிக்கை நிலை, எதிர்ப்பு நிலை, ஓய்ந்துபோகும் நிலை என மூன்றாகவும் பகுத்தார்.

இம்மூன்றனுள் இடைப்பட்ட எதிர்ப்பு நிலையே கருத்தூன்றி அறியத்தக்கது. இந்நிலையிலுள்ள எலி வெளித்தோற்றத்தில் நலமாகவே காணப்படும். மனிதனும் அவ்வாறே வேலைக்குச் செல்வான், சிரித்துப் பேசுவான், தனக்கு ஒன்றுமில்லை என்பான். உள்ளே செலவு நடந்துகொண்டேயிருக்கும். உடலின் தாங்கும் ஆற்றல் தீர்ந்துபோவதால் இறுதி நிலை வருகிறது என்று ஸெல்யே கருதினார். பிற்கால ஆராய்ச்சிகள் இதைச் சிறிது திருத்தின. காக்க வந்த ஹார்மோன்கள் அடங்காமல் நீடிப்பதாலேயே உடல் தேய்கிறது என்பதை அமெரிக்க அறிஞர் புரூஸ் மக்யூவன் விளக்கினார். நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி கார்ட்டிசாலுக்கு இனமான ஹார்மோனைப் பற்றிக்கொள்கிறது என்று 1968-இல் எலிகளில் கண்டறிந்தவரும் அவரே.

நெருக்கடியின் அளவைவிட, அதன்மீது ஒருவருக்குள்ள ஆளுகை முக்கியமானது என்பதும் தெரியவந்துள்ளது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கில் ஜே வைஸ் என்னும் அறிஞர், எலிகளுக்கு ஒரே அளவான மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். அதிர்ச்சி வருமுன் அறிவிப்பு ஒலி கேட்ட எலிகளுக்கு இரைப்பைப் புண் குறைவாகவும், அறிவிப்பின்றி அதிர்ச்சி பெற்றவற்றிற்கு மிகுதியாகவும் காணப்பட்டது. லண்டன் மாநகரில் அரசு அலுவலர்களிடையே 1967-இல் தொடங்கிய ஆய்வும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பெரும் பொறுப்பு வகித்த உயர் அதிகாரிகளைக் காட்டிலும், கடைநிலை ஊழியர்களே இதய நோயால் மிகுதியாக இறந்தனர். புகைபிடித்தல் முதலிய காரணங்களைக் கழித்த பின்னும் வேறுபாடு முற்றும் மறையவில்லை. தம் வேலையைத் தாமே திட்டமிட இயலாத நிலை இதய நோயோடு தொடர்புடையது என்று 1985-இல் தொடங்கிய அடுத்த ஆய்வு காட்டியது.

உடலில் தோன்றும் அடையாளங்கள்

மன இறுக்கம் முதலில் தசைகளில் குடிகொள்கிறது. கழுத்து, தோள், முதுகு ஆகிய இடங்களில் விறைப்பும் வலியும் உண்டாகும். தலையைச் சுற்றி வார் கட்டி இறுக்கினாற்போன்ற வலி மாலை வேளைகளில் தோன்றும். சிலர் உறக்கத்தில் தம்மையறியாமல் பற்களைக் கடிப்பர். காலையில் தாடை வலிப்பதுகொண்டு இதனை அறியலாம். உள்ளங்கை வியர்த்தல், வாய் உலர்தல், காரணமின்றி நெஞ்சு படபடத்தல் ஆகியவையும் உண்டு. வயிறு எளிதில் பாதிக்கப்படும் உறுப்பாகும். பசியின்மை, புளிப்பேப்பம், கழிச்சலும் மலச்சிக்கலும் மாறி மாறி வருதல் ஆகியவற்றைப் பலர் உணவின் குற்றமென்றே எண்ணுகின்றனர். பெண்களுக்கு மாதவிலக்கு முறை தவறுவதும் உண்டு.

இயல்பாகக் கார்ட்டிசால் விடியற்காலையில் உயர்ந்தும் நள்ளிரவையொட்டித் தாழ்ந்தும் இருக்கும். நீடித்த இறுக்கம் இவ்வொழுங்கைக் குலைப்பதால், உடல் களைத்திருந்தும் உறக்கம் வருவதில்லை. விடியுமுன்னரே விழிப்பு வந்துவிடுகிறது.

நோய்த் தடுப்பாற்றலும் குன்றுகிறது. 1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரிட்டனில் நலமாயிருந்த 394 தொண்டர்களின் மூக்கில் சளிநோய்க் கிருமிகள் இடப்பட்டன. மன இறுக்கம் மிகுதியாக உடையவர்களுக்கே சளி மிகுதியாகப் பிடித்தது. மறதி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பேணிவந்த பெண்களின் கையில் சிறு காயம் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 1995-இல் வெளியாயிற்று. அவர்களுடைய காயம் ஆறுவதற்கு, அத்தகைய சுமை இல்லாத பெண்களைக் காட்டிலும் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாயின.

உள்ளத்தில் தோன்றும் அடையாளங்கள்

நெருக்கடியில் உள்ளம் அபாயத்தை மட்டுமே நோக்கிக் குவிகிறது. ஏனையவற்றிற்கு இடம் குறைந்துவிடுகிறது. படித்த பக்கத்தையே மீண்டும் படிக்க நேரிடுகிறது. அறைக்குள் எதற்காக வந்தோம் என்பது மறந்துபோகிறது. சிறு செய்திகளிலும் முடிவெடுக்க இயலாமை, ஒரே எண்ணம் சுழன்று சுழன்று வருதல், எதிலும் கெட்ட விளைவையே எதிர்பார்த்தல், முன்பு இன்பம் தந்தவற்றில் நாட்டமின்மை ஆகியவை பொதுவான அடையாளங்கள். திட்டமிடுதலுக்கும் பொறுமைக்கும் உரிய மூளையின் முன்பகுதி இறுக்கத்தின்போது திறம்படச் செயற்படுவதில்லை. தேர்வு மண்டபத்தில் நன்கு அறிந்த விடை நினைவுக்கு வராமல், வெளியே வந்ததும் தோன்றுவது இதனாலேயே. அதனை அறிவுக் குறைவென்று கொண்டு மாணவனைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் அவனுடைய இறுக்கத்தை மேலும் கூட்டுகின்றனர்.

நடத்தையில் தோன்றும் அடையாளங்கள்

உடலின் குறிகளையும் உள்ளத்தின் குறிகளையும் உரியவரே உணர இயலும். நடத்தையின் குறிகளையோ பிறரே முதலில் காண்கின்றனர். அமைதியாயிருந்தவர் சிறு ஓசைக்கும் சினந்து விழுவார். கலகலப்பாயிருந்தவர் பேச்சைக் குறைத்து ஒதுங்குவார். நாளொன்றுக்கு நான்கு பீடி பிடித்தவர் பதினைந்து பிடிப்பார். எப்போதோ மது அருந்தியவர் நாள்தோறும் நாடுவார். தேநீரும் வெற்றிலையும் புகையிலையும் அளவு கடக்கும். உணவை மறப்போரும் உண்டு. பசியின்றியே உண்போரும் உண்டு. வேலையைத் தள்ளிப்போடுதல், அடிக்கடி விடுப்பு எடுத்தல், கைத்தவறுதல், சிறு விபத்துகள் ஆகியவையும் இவ்வகையினவே.

குழந்தைகள் தம் துன்பத்தைச் சொல்லால் உரைக்க அறியார். பள்ளி நாட்களின் காலையில் மட்டும் வந்து, விடுமுறை நாளில் வராத வயிற்றுவலி ஒரு குறி. நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவது மற்றொரு குறி. இவற்றைப் பாசாங்கு என்று தண்டித்தல் தவறு. வலி மெய்யானது; அதன் காரணம் பள்ளியிலோ வீட்டிலோ இருத்தல் கூடும்.

போபால் தந்த பாடம்

இவ்வடையாளங்களை அறியாமையால் விளையும் கேடு எத்தகையது என்பதற்கு இந்திய நாட்டிலேயே சான்று உண்டு. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் போபால் நகரில் பூச்சிகொல்லி மருந்துத் தொழிற்சாலையிலிருந்து மெதில் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு கசிந்து பல்லாயிரவரைத் தாக்கியது. உயிர் தப்பியவர்கள் மூச்சுத்திணறல், நெஞ்சுப் படபடப்பு, களைப்பு, உறக்கமின்மை ஆகியவற்றோடு மருத்துவ நிலையங்களை நாடினர். நுரையீரலிலும் கண்ணிலும் வாயு செய்த கேடு வெளிப்படையாயிருந்தமையால், மருத்துவர்களின் கவனம் அவற்றிலேயே நின்றது.

1985-இல் மனநல மருத்துவர்கள் அந்நிலையங்களுக்கு வந்தோரை ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் மனநலக் கோளாறுகளாலும் துன்புறுவது தெரியவந்தது. அவர்களுள் பெண்களே பெரும்பான்மையினர். குடும்பத்தாரை இழந்த துயரும், உழைக்கும் வலிமை போய்விட்ட கவலையும், எதிர்காலத்தைப் பற்றிய அச்சமும் மூச்சுத்திணறலோடு பின்னிக் கிடந்தன. நுரையீரலுக்குத் தரும் மருந்து மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. எல்லாம் மனத்தின் கற்பனை என்று தள்ளியிருந்தாலோ அது பெருங்கொடுமையாகியிருக்கும். ஆகவே, பொது மருத்துவ அலுவலர்களுக்கே மனநல அடையாளங்களை அறியும் பயிற்சி அளிக்கப்பட்டது. உடல் நோயும் மன இறுக்கமும் ஒரே மனிதரிடம் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதும், ஒன்றைக் கண்டதும் மற்றொன்றைத் தேடுவதை நிறுத்தலாகாது என்பதும் போபால் தந்த பாடங்களாகும்.

மயங்கலாகாத இடங்கள்

எல்லாவற்றிற்கும் மன இறுக்கத்தையே காரணமாகக் கூறுதல் மற்றொரு வகைப் பிழை. கவலையே இரைப்பைப் புண்ணை உண்டாக்குகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவரும் இப்புண்ணுடையோரின் இரைப்பையில் வாழும் பாக்டீரியம் ஒன்றை 1982-இல் வளர்த்துக் காட்டினர். அதற்காக 2005-இல் நோபெல் பரிசும் பெற்றனர். புண்கள் பலவற்றைக் கிருமிக்கொல்லி மருந்தால் தீர்க்கலாம் என்பது அதன்பின் நிலைபெற்றது.

தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் படபடப்பு, கைநடுக்கம், உறக்கமின்மை, மெலிவு ஆகியவை தோன்றும். இரத்தசோகையிலும் களைப்பும் நெஞ்சுத் துடிப்பும் உண்டு. அளவற்ற தாகமும் மெலிவும் நீரிழிவின் குறிகளாகலாம். எல்லாவற்றினும் மேலாக, நெஞ்சில் பாரம் அழுத்தினாற்போன்ற வலி தோன்றி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், அதைக் கவலையால் வந்ததென்று கருதி வீட்டில் இருத்தல் ஆகாது. அக்கணமே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

அறியும் முறையும் செய்யத்தக்கனவும்

ஒருவருடைய நிலையைப் பிறரோடு ஒப்பிட்டு அறிய முயல்வதில் பயனில்லை. இயல்பாகவே குறைவாக உறங்குவோரும் விரைவில் சினப்போரும் உலகில் உண்டு. அவரவருடைய பழைய இயல்போடு ஒப்பிடுதலே சரியான முறை. பின்வரும் வினாக்களுக்கு விடை காணுதல் உதவும்.

1. மூன்று மாதங்களுக்கு முன் இருந்ததைவிட உறக்கமும் பசியும் மாறியுள்ளனவா?
2. வலியோ படபடப்போ குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட மனிதர்களுக்கு முன் மிகுகின்றதா?
3. வழக்கமான வேலையில் பிழைகளும் மறதியும் பெருகியுள்ளனவா?
4. புகையிலை, மது, தேநீர் ஆகியவற்றின் அளவு கூடியுள்ளதா?
5. “முன்போல் இல்லை” என்று வீட்டாரோ உடன் பணியாற்றுவோரோ கூறுகின்றனரா?

ஒரு வார காலம் நாள்தோறும் இரவில் சில வரிகள் குறித்துவைத்தால் விடை தெளிவாகும். இவ்வினாக்களுள் பலவற்றிற்கு ‘ஆம்’ என்பது விடையாயின், நெருக்கடி எதுவெனக் காணுதல் அடுத்த படி. மாற்றக்கூடியதை மாற்ற முயல வேண்டும். மாற்ற இயலாததாயினும் அதில் ஒரு சிறு பகுதியைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவருதல் நலம். கடன் முழுவதையும் ஒரு நாளில் தீர்க்க முடியாதவர், எவருக்கு எவ்வளவு என்று எழுதி ஒழுங்குபடுத்தலாம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுதலும், நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடத்தலும், குறித்த நேரத்தில் படுத்தெழுதலும் மெய்ப்பயன் தருவன. மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விட்டு, நிமிடத்திற்கு ஆறு முறை அளவில் சில நிமிடங்கள் மூச்சுவிட்டால், வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு தணிகிறது. புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பி. கே. ஆனந்தும் அவருடன் பணியாற்றியவர்களும் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், யோகப் பயிற்சியில் தேர்ந்த ஒருவர் காற்றுப் புகாத பெட்டிக்குள் இருந்தபோது, அவருடைய உடல் செலவிட்ட ஆக்சிஜன் ஓய்வுநிலைத் தேவையினும் குறைந்தது காணப்பட்டது. உடலின் கிளர்ச்சியைப் பயிற்சியால் தணிக்க இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இவற்றால் தணியாமல், துயரும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து அன்றாட வேலை தடைப்படுமாயின், மருத்துவரை நாடுதல் வேண்டும். வாழ்வதில் பயனில்லை என்னும் எண்ணமோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தோன்றினால் ஒரு நாளும் காத்திருத்தலாகாது. இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றில் அங்குப் பேசலாம்.

காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வதில் எவரும் வெட்கம் கொள்வதில்லை. நெடுநாள் நெருக்கடியால் நலிந்த உடலுக்கும் உள்ளத்திற்கும் உதவி கேட்பதிலும் வெட்கத்திற்கு இடமில்லை. எதிர்ப்பு நிலையிலேயே அடையாளங்களைக் கண்டு தக்கது செய்வோர், மீள இயலாத எல்லையை அடையாமல் தப்புவர். தம்மிடம் காணத் தவறியதை அருகிலிருப்போர் கண்டு கூறும்போது, அதனைச் செவிமடுத்தலும் நலத்திற்கு வழியாகும்.